வாய்க்காலோடு நடந்து படித்த வரலாறு

மாலை வகுப்புக்கு வரும் மாணவர்களிடம் சித்திரை மாதத்தில் ஒரு தாள் கொடுத்தோம். 'எங்கள் ஊர், எங்கள் வாய்க்கால்' என்பது தலைப்பு. ஊரின் பெயர், வாய்க்காலின் பெயர், எந்த ஆற்றிலிருந்து பிரிகிறது, தாத்தா பாட்டி என்ன வேலை செய்தார்கள் என்று பத்துக் கேள்விகள். பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒன்பதை நிரப்பிவிட்டு, தாத்தாவின் வேலை என்ற வரியை மட்டும் காலியாக விட்டிருந்தான். ஏன் என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டான்.

பக்கத்தில் இருந்தவர்கள்தான் சொன்னார்கள். அவன் தாத்தா ஊர் வெட்டியானாக இருந்தவர். சுடுகாட்டு வேலை என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் டெல்டா கிராமங்களில் அந்த வேலைக்கு இன்னொரு பாதி உண்டு. ஆற்றில் தண்ணீர் வந்ததும் வாய்க்கால் பார்ப்பது, முறை வைத்து மடை திறப்பது, மழைக்காலத்தில் இரவெல்லாம் கரையில் கிடப்பது எல்லாம் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவர்கள் தலையில்தான் விழுந்தன. வருவாய்த் துறையின் பழைய பதிவுகளில் தலையாரி, வெட்டி, நீர்கட்டி என்று இந்த வேலைகளின் பெயர்கள் இருக்கும்.

அந்தக் காலி வரியிலிருந்துதான் எங்கள் பயணம் தொடங்கியது. மே மாதம், மூன்று நாள், 22 மாணவர்கள், ஒரு வேன். கல்லணையில் தொடங்கி வெண்ணாற்றுப் பக்கமாகவே இறங்கி வேதாரண்யம் கடற்கரை வரை போவது என்று முடிவு செய்தோம். தண்ணீர் இல்லாத மாதத்தை வேண்டுமென்றே தேர்ந்துகொண்டோம். ஆறு நிறைந்து ஓடும்போது அழகு மட்டுமே தெரியும். காய்ந்து கிடக்கும்போதுதான் மதகின் அடிக்கல் தெரியும், கரை எங்கே உயரம் எங்கே தாழ்வு என்று தெரியும், எந்தத் தெரு பள்ளத்தில் கிடக்கிறது என்று தெரியும்.

கல்லணையில் இரண்டு சிலைகள்

கல்லணையில் யானைமேல் அமர்ந்த கரிகாலன் இருக்கிறார். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனுக்கும் அங்கே சிலை உண்டு. பாடப்புத்தகம் சொல்லும் வரலாறும் இந்த இரண்டு பேரைச் சுற்றியதுதான். இரண்டு பேரின் கதையையும் மாணவர்களுக்கு முழுதாகவே சொன்னோம். குறைத்துச் சொல்ல வேண்டிய தேவை நமக்கு இல்லை.

கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்வானது. தடுப்பு இல்லையென்றால் தண்ணீர் கொள்ளிடத்தில் சரிந்து கடலுக்குப் போய்விடும், டெல்டாவுக்குள் வராது. சுமார் 1,080 அடி நீளத்துக்கு, ஆற்று மணலில் பெருங்கற்களை அமிழ்த்தி, வளைந்த வடிவில் அணை போட்டு அதைத் தடுத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முந்தைய அறிவு அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியில் மணல் மேடிட்டு, பாசனம் சுருங்கி, கும்பினிக்கு வரி வருமானம் குறைந்தது. காட்டன் கல்லணையில் மணல்போக்கிகள் அமைத்தார். 1836-38 காலத்தில் மேலே முக்கொம்பிலும் கீழே அணைக்கரையிலும் கொள்ளிடத்தின் குறுக்கே அணைகள் எழுந்தன. மணலில் கல்லை நிறுத்தும் வித்தையைக் கல்லணையிடம் கற்றுக்கொண்டுதான் பின்னாளில் கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டினார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கல் சுமந்தது யார் என்று ஒரு மாணவி கேட்டாள். பழைய கதை ஒன்றில் அதற்குப் பாதிப் பதில் இருக்கிறது. இலங்கையிலிருந்து 12,000 பேரைச் சிறைபிடித்துச் சோழன் காவிரிக்குக் கொண்டுபோய் வேலை வாங்கினான், கஜபாகு மன்னன் வந்து மீட்டான் என்பது 'ராஜாவளி' என்ற பிற்காலச் சிங்கள நூல் சொல்லும் கதை. கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் காவிரிக்கரை கட்டாய உழைப்பால் எழுந்தது என்ற நினைவு, தோற்றவர்களின் ஊரில் கதையாகவாவது தங்கியிருக்கிறது. வென்றவர்களின் ஊரில் அணை கட்டிய மன்னனின் பெருமை மட்டும் தங்கியது. காட்டன் காலத்து மண் சுமந்தவர்களும் செலவுக் கணக்கில் கூலித் தொகையாக மட்டுமே வருகிறார்கள்.

பெரிய கோயிலும் புது ஆறும்

அன்று பிற்பகல் தஞ்சை பெரிய கோயிலுக்கு வந்தோம். கோயிலை ஒட்டி ஓடும் கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூர்க்காரர்கள் 'புது ஆறு' என்பார்கள். 1010இல் முடிந்த கோயிலும், மேட்டூர் அணையோடு சேர்த்து 1930களில் வெட்டப்பட்ட கால்வாயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று படிக்கலாம்.

கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளில் ராஜராஜன் கோயிலுக்கு விட்ட ஊர்களின் கணக்கு இருக்கிறது. ஊரின் மொத்த நிலம் எவ்வளவு, அதில் வரி கட்ட வேண்டாத நிலம் எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். வரி நீங்கிய இடங்களின் பட்டியலில் ஊர்நத்தம், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரி வருகிறது. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே வருகிறது. தமிழ் படித்த நாங்களே கல்லூரியில் இந்தக் கல்வெட்டுகளைச் சோழர் பெருமைக்கும் நில அளவைத் துல்லியத்துக்கும் எடுத்துக்காட்டாகத்தான் படித்தோம். துல்லியம் உண்மைதான். அந்தத் துல்லியமே நமக்குச் சாட்சியும் ஆகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாய்க்காலுக்குத் தனி இடம், சேரிக்குத் தனி இடம் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். சேரி நேற்று முளைத்ததல்ல என்பதை அரசனின் கல்லே சொல்கிறது.

சோழர் காலத்து ஊர்க் கல்வெட்டுகளில் நிலத்தின் முகவரியே தண்ணீரை வைத்துத்தான். இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இன்ன வதிக்கு மேற்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என்று எழுதுவார்கள். வாய்க்காலைப் பராமரிக்கும் உழைப்புக்கும் கல்வெட்டில் பெயர் உண்டு. 'வெட்டி', 'அமஞ்சி', 'செந்நீர் வெட்டி' ஆகியவை கூலியில்லாமல் செய்தாக வேண்டிய உழைப்பைக் குறிக்கும் சொற்கள். செந்நீர் வெட்டி என்பதைப் பாசன வேலைக்கான உழைப்பு என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

இந்த இடத்தில் மாணவர்கள் சிரித்தார்கள். 'வெட்டி'யாக ஊர் சுற்றுகிறான் என்று தினமும் திட்டு வாங்குகிறவர்கள் அல்லவா? கூலியில்லாத உழைப்புக்கு இருந்த பெயர், இன்று பயனில்லாததற்குப் பெயர். ஊரின் நெல்லெல்லாம் யார் உழைப்பால் விளைந்ததோ, அந்த உழைப்பின் பெயரே 'ஒன்றுக்கும் உதவாதது' என்று பொருள் மாறி நிற்கிறது. காலி வரி விட்ட மாணவன் மட்டும் சிரிக்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

சட்டமே சொன்ன 'உழைக்கும் வகுப்பு'

குடிமராமத்து என்றால் ஊர் கூடித் தேர் இழுப்பது போல, எல்லாரும் சேர்ந்து வாய்க்கால் வெட்டியது என்று மேடைகளில் பேசுகிறார்கள். இதையும் சோதித்துப் பார்க்க வேண்டும். 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று அறிவித்தது. அடுத்த பதினைந்தே ஆண்டுகளில், 1858இல், சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஆற்றிலோ ஏரியிலோ கரை உடையும் ஆபத்து வந்தால், சுற்றுவட்டாரத்தில் உள்ள உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல்வலு உள்ள ஆண்கள் எல்லாரையும் வேலைக்கு அழைக்கலாம், மறுத்தால் தண்டிக்கலாம் என்றது சட்டம். அதற்குக் கூலி கொடுக்கச் சொன்னது என்பதும் உண்மை. வழக்கப்படி ஊரார் செய்ய வேண்டிய பாசன வேலைக்கு ஆள் தராதவர்களிடம் பணம் வசூலிக்கவும் அதே சட்டம் வழி செய்தது.

கரை உடைந்தால் எல்லார் நிலமும்தான் மூழ்கும். ஆனால் சட்டம் நிலம் உள்ளவரை நீரில் இறங்கச் சொல்லவில்லை, உழைக்கும் வகுப்பைச் சொன்னது. தஞ்சைப் பகுதியில் அந்த வகுப்பு யார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்றைய நிலையையும் பார்ப்போம். 2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பாசனதாரர் சங்கங்கள் வழியாக வேலைகள் நடந்தன. விவசாயிகள் பங்கேற்கும் பாசன மேலாண்மைக்கென 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படியும் பாசனப் பரப்பில் நிலம் உள்ளவர்தான் சங்க உறுப்பினர். ஊரில் நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர்வாரும் பெண்களுக்கு அந்த வாய்க்காலைப் பற்றிப் பேச ஓட்டு இல்லை. மண்வெட்டி பிடிக்க உரிமை இருக்கிறது, கை தூக்க உரிமை இல்லை.

விளைச்சல் பெருகியது, கூலி?

இரண்டாம் நாள் நீடாமங்கலம். வெண்ணாறு இங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. ஊரார் மூணாறு தலைப்பு என்பார்கள். ஷட்டர்களின் வரிசையைப் பார்த்ததும் மாணவர்களுக்கு ஒன்று புரிந்தது. தண்ணீர் தானாக எங்கும் போவதில்லை. ஒவ்வொரு தலைப்பிலும் யாரோ ஒருவர் எந்தப் பக்கம் எவ்வளவு என்று முடிவு செய்கிறார்.

1934 ஆகஸ்ட் 21 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டது. 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கினால் 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. காவிரியின் வெள்ளத்தை நம்பியே கிடந்த டெல்டாவுக்கு, ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும் கால அட்டவணை கிடைத்தது. கல்லணைக் கால்வாய் 148 கிலோமீட்டர் ஓடி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துப் புன்செய்யை நன்செய் ஆக்கியது. குறுவை, சம்பா, தாளடி என்று சாகுபடி உறுதிப்பட்டது. இதெல்லாம் வளர்ச்சிதான். அந்த வளர்ச்சி நடந்த பத்தாம் ஆண்டிலும் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் நடைமுறையில் இருந்தன என்பதுதான் அதே வரலாற்றின் அடுத்த பக்கம். 1944இல் மன்னார்குடியில் கையெழுத்தான ஒப்பந்தம்தான் அவற்றுக்கு முடிவு கட்டத் தொடங்கியது. களப்பால் குப்பு போன்ற மண்ணின் தலைவர்களும் பி.சீனிவாச ராவும் கட்டிய சங்கம் அதைச் சாதித்தது. சீனிவாச ராவ் கர்நாடகத்தில் பிறந்தவர் என்று சொன்னதும் வேனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. கர்நாடகம் என்றாலே தண்ணீர் தராதவர்கள் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெளியேற்றத்திலிருந்து காப்பதற்கு வந்த சட்டத்தைத் தாண்டவே பல மிராசுகள் பண்ணையாட்களைத் தினக்கூலிகளாக மாற்றினார்கள். 1960இல் தீவிர வேளாண்மைத் திட்டம் தஞ்சை மாவட்டத்துக்கு வந்தது. பின்னால் குறுகிய கால ஆடுதுறை 27 நெல் வந்தது. விளைச்சல் கூடியபோது அதற்கேற்ற கூலியைத் தொழிலாளர்கள் கேட்டார்கள். கேட்டதற்குக் கிடைத்த பதில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் எழுதப்பட்டது. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள்.

வெண்மணி நினைவிடத்தில் 44 பெயர்களையும் மாணவர்கள் ஒவ்வொருவராக வாசித்தார்கள். அணைக்கட்டுகளில் தேடிக் கிடைக்காத உழைப்பாளர் பெயர்கள் இங்கேதான் கல்லில் இருக்கின்றன. தண்ணீர் பெருகினால் ஊர் முழுக்கச் செழிக்கும் என்று பொதுவாகச் சொல்கிறோம். தண்ணீர் பெருகியபோது விளைச்சலைப் பங்கு பிரிக்கும் சண்டையும் பெருகியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு. வெண்மணிக்குப் பிறகுதான் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

கடைமடை

மூன்றாம் நாள் கடலை நோக்கிப் போனோம். ஆறுகள் அகலம் குறைந்து, கடைசி இயக்கு அணையைத் தாண்டி உப்பாற்றில் கலக்கும் பகுதி. இங்கே ஒரு கணக்கை மாணவர்களே போட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியலின மக்கள் 20 சதவீதம். தலைப்பகுதியான தஞ்சாவூர் மாவட்டத்தில் சுமார் 19 சதவீதம். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 31 சதவீதத்துக்கு மேல், திருவாரூரில் 34 சதவீதம். காவிரி நீர் கடைசியாக வந்து சேரும் பக்கத்தில்தான் நம் மக்கள் அதிகம். தண்ணீர் குறைந்தால் முதலில் நிற்பதும் இங்கே, வெள்ளம் வந்தால் கடைசியில் வடிவதும் இங்கே.

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போன நிலக்காரரின் இழப்பைப் பத்திரிகைகள் எழுதின, எழுத வேண்டியதுதான். நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களின் இழந்த வேலை நாட்களை யார் எழுதினார்கள்? நிவாரணம் சிட்டா அடங்கல் உள்ளவருக்கு. கூலிக்காரர் அடங்கலில் இல்லை. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சாகுபடியாளர் சுமார் 42 லட்சம், விவசாயத் தொழிலாளர் சுமார் 96 லட்சம். ஆனால் 'விவசாயி' என்று சொன்னதும் நம் கண்முன் வருபவர் அந்த 42 லட்சத்தில் ஒருவர்தான்.

கடைமடைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1990களில் இந்தக் கடற்கரையில் இறால் பண்ணைகள் வந்தன. உப்புநீர் வயலிலும் குடிநீரிலும் இறங்கியது. காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னர் சட்டம் மாறியது, பண்ணைகளும் தொடர்ந்தன. அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் வெண்மணிக்குப் பிறகு இந்தப் பகுதியிலேயே தங்கி, 1981இல் லாப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தைப் பதிவு செய்ய வைத்தார். நிலம் கிடைத்த பெண்ணுக்கு அடுத்த கவலை தண்ணீர். வாய்க்காலின் வால்பகுதியில் ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கு, தலைமடையில் இருப்பவர் மனது வைத்தால்தான் நடவு.

'இப்போது எதற்கு இந்தப் பேச்சு?'

பயணம் முடிந்து வந்ததும் நண்பர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். காவிரிக்காகத் தமிழ்நாடே ஒன்றாக நிற்க வேண்டிய நேரத்தில் இப்படிப் பிரித்துப் பேசலாமா என்றார்கள். அக்கறையோடுதான் கேட்டார்கள். பதிலும் அக்கறையோடு சொல்கிறோம்.

காவிரியில் தமிழ்நாட்டின் உரிமை குறையக் கூடாது என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. 2007 பிப்ரவரி 5இல் நடுவர் மன்றம் 419 டி.எம்.சி. என்றது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆகக் குறைத்தது. கர்நாடகம் திறந்துவிட வேண்டியது 177.25 டி.எம்.சி. என்றது. இதற்கான ஒவ்வொரு போராட்டத்திலும் மறியலில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் வயலில் கூலி வேலை செய்கிறவர்கள்தான் என்று போராட்டங்களுக்குப் போன எங்களுக்குத் தெரியும். எல்லையில் வந்த தண்ணீரைப் பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். கடைமடைத் தெருவில் வந்த தண்ணீரை யார் அளப்பது? மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் இடையே நீதி கேட்கிறவர்கள், ஊருக்கும் சேரிக்கும் இடையே கேட்டால் மட்டும் அது பிரிவினை ஆகுமா?

இது புதிய கேள்வியும் அல்ல. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லாருக்கும் பொது என்ற தீர்மானம் இரட்டைமலை சீனிவாசனின் முயற்சியால் நிறைவேறியது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதே அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்து, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம், மத்திய நீர்வழி ஆணையம் ஆகியவற்றுக்கு அடித்தளம் அமைத்தார். குளத்தில் ஒரு கை நீர் அள்ளும் உரிமையையும் ஒரு நதியின் முழு நீரைத் திட்டமிடும் பொறுப்பையும் ஒரே மனிதர் ஒரே வாழ்நாளில் கையாண்டிருக்கிறார். கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றில் சாதியால் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு பெயர் சொல்லிச் சொல்கிறது. அப்படியும் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்த செய்தியைப் படித்தோம். இந்தப் பேச்சுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று சொல்ல முடியுமா?

அந்தக் காலி வரி

கடைசி நாள் மாலை அந்த மாணவனின் ஊருக்கே போனோம். தாத்தாவுக்கு எண்பதை ஒட்டிய வயது. முதலில் பேசவில்லை. வாய்க்கால் பக்கம் நடக்கலாமா என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அடுத்த ஒரு மணி நேரம் பாடம் அவருடையது. இந்த மடை திறந்தால் அந்தத் திடலுக்கு ஏற எத்தனை நாழி, எந்த வளைவில் மண் அரிக்கும், எந்தக் கன்னி வாய்க்காலைத் தூர்த்து எந்த ஆண்டு வீடு கட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இப்போது மழை பெய்தால் சேரியில் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் அந்தத் தூர்ந்த வாய்க்கால்தான் என்று காட்டினார். மாணவிகள் இரண்டு பேர் அதை வரைபடத்தில் குறித்தார்கள்.

"ஒரு ஐப்பசி அடைமழையில ராத்திரி ஆத்துக்கரை ஒடஞ்சு போச்சு. தப்படிச்சுக் கூப்பிட்டாங்க. மூங்கிலும் வைக்கோலும் சாக்கும் தூக்கிக்கிட்டு ஓடுனோம். நாங்க அவங்க வயலுக்குக் கரை அடைச்சிக்கிட்டு இருந்தப்ப எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. புள்ளைங்கள பரண்ல ஏத்தி வச்சிட்டு வந்திருந்தோம்" என்றார்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டோம்.

"வேணாம் தோழர். நாளைக்குப் பேரன் வேலைக்குப் போற எடத்துல இந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புடுவான். படிக்கிறதே அந்தப் பேர்லேருந்து தப்பிக்கத்தானே?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இழிவாகச் சுமத்தப்பட்ட வேலையைப் பெருமை என்று பாடினால், அந்த வேலையிலேயே நம்மை நிறுத்திவைக்க நினைப்பவர்களுக்கு அது வசதி. மறைத்துவிட்டாலோ, அணையும் ஆறும் மன்னனும் துரையும் மட்டும் செய்தவை என்றே இருந்துவிடும். அன்று இரவு மாணவர்கள் நெடுநேரம் விவாதித்தார்கள். "வேலைய எழுதுவோம், பட்டத்த எழுத வேணாம்" என்றாள் ஒரு மாணவி. தாத்தாவிடம் கேட்டார்கள், சம்மதித்தார். அந்த வரியில் இப்போது இப்படி இருக்கிறது: 'ஊரின் பாசன நீரை முறை வைத்துப் பங்கிட்டார், வெள்ளத்தில் கரை காத்தார். கூலி: அறுவடையில் நெல். சொந்த நிலம்: இல்லை.'

நீங்களும் நடக்கலாம்

இதற்கு வேனோ பெரிய செலவோ வேண்டாம். உங்கள் ஊர் வாய்க்காலின் தலைப்பிலிருந்து கடைசி மடை வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பாருங்கள். மூத்தவர் ஒருவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். பாட்டியையும் அழையுங்கள், நடவு முறை அவருக்குத்தான் தெரியும். கிராம வரைபடத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பார்த்து, அதில் இருக்கும் வாய்க்கால் தரையில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லாமல் போனதைத் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். சேரிக்குப் போகும் வடிகால், சுடுகாட்டுப் பாதை வாய்க்காலைக் கடக்கும் இடம் இரண்டையும் மறக்காமல் பாருங்கள். பாடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கும் நிலை இருந்தால், அங்கே ஒரு பாலம் வேண்டும் என்பதுதான் உங்கள் ஆய்வின் முதல் முடிவு.

எங்கள் மாணவர்கள் வரைந்த வரைபடம், தூர்ந்த வாய்க்காலைக் குறித்து, மனுவோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த கிராம சபையில் அதை வாசிக்கப்போவது அந்தப் பதினொன்றாம் வகுப்பு மாணவன். ஐப்பசி மழைக்கு முன் அந்த வாய்க்கால் திறக்க வேண்டும். தாத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.